ஒரேஸ்தே பெல்மந்தி அப்போது சாகவில்லை

"லூச்சே! லூச்சே!"

கட்டிலில் கிடந்த கிழவர் கத்திக்கொண்டிருந்தார். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு கையாக அவரைப் பிடித்திருந்தார்கள். மூன்றாவது ஆள் நான். என் கையில் வெந்நீர்க் கிண்ணமும் துவாயும். அவரைக் கழுவித் துடைத்து, சட்டை மாற்றி, நாற்காலியில் இருத்துவதுதான் எங்கள் காலை வேலை.

"லூசி இங்கே இல்லை, டார்லிங். லூசி நாளைக்கு வருவாள்" என்றாள் மூத்தவள், பச்சைப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

ஹவுன்ஸ்லோவில் இருந்த அந்தத் தனியார் முதியோர் இல்லத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் நாள். லூசி யார் என்று கேட்டேன்.

"மனைவியாக இருக்கலாம். மகளாகவும் இருக்கலாம். இரண்டு வருடமாகக் கூப்பிடுகிறார். பாவம், ஒருத்தியும் வந்ததில்லை."

நான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். ஜன்னலுக்குப் போய், தூசி மணத்த பழுப்புத் திரைச்சீலையை இரண்டு பக்கமும் இழுத்துவிட்டேன். தாழப் பறந்த விமானம் ஒன்றின் இரைச்சலும், சாம்பல் நிறக் காலை வெளிச்சமும் ஒன்றாக உள்ளே வந்தன.

கிழவர் அடங்கிவிட்டார். வெளிச்சம் விழுந்த தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, மெல்ல, "கிராட்சியே" என்றார்.

கிராட்சியே என்றால் இத்தாலிய மொழியில் நன்றி. லூச்சே என்றால் வெளிச்சம். அந்த மனிதர் இரண்டு வருடமாகக் கேட்டது ஒரு பெண்ணை அல்ல. ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

இந்தத் தொடரில் சென்ற வாரம் எங்கள் கலியாண வீட்டுக் கூத்தை எழுதியிருந்தேன். சிரித்துச் சிரித்து வயிறு நொந்ததாக ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். அவர் இந்த வாரம் என்னை மன்னிக்க வேண்டும். இதைச் சிரிப்போடு எழுத எனக்குத் தெரியாது.

மொழி வந்த வழி

இளவாலையில் பிறந்த எனக்கு இத்தாலிய மொழி எப்படி வந்தது என்று கேட்பீர்கள். எழுபதுகளின் கடைசியில், எங்கள் ஊர்க் கன்னியர் மடத்துத் தாயார் ஒருவர் வழியாக இத்தாலியில் உள்ள தூரின் நகரத்துக்குப் போனேன். பல் வைத்தியர் ஒருவரின் வீட்டில் சமையலுக்கும் பிள்ளை பார்க்கவும் ஒரு ஆள் தேவைப்பட்டது. எட்டு வருடம் அங்கே இருந்தேன். பாணுக்கும் உப்புக்கும் அந்த மொழியில்தான் கடைக்குப் போனேன். சண்டையும் அதில்தான் பிடித்தேன்.

பிறகு சேவியரைக் கட்டி லண்டனுக்கு வந்தேன். ஹீத்ரோ விமான நிலையத்தில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை அவருக்கு. அகதியாக வந்தவர். அவருடைய விசாரணையில் மொழிபெயர்க்க வந்த ஆளைப் பற்றி அடிக்கடி சொல்வார். இவர், "திரும்பிப் போனால் என்னைச் சுட்டுப்போடுவாங்கள்" என்றாராம். மொழிபெயர்த்தவர், "இவருக்குச் சற்றுக் கவலையாக இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொல்லி முடித்துவிட்டாராம்.

சேவியர் இதைச் சிரிப்பாகச் சொல்வார். எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை. ஒரு சொல்லை மாற்றிப் போட்டால் ஒரு மனிதனைச் சாவுக்குத் திருப்பி அனுப்பலாம். இன்னொரு சொல்லை மாற்றிப் போட்டால் ஒருவரை இரண்டு வருடம் இருட்டில் கிடத்தலாம்.

மிஸ்டர் பெல்

அவருடைய முழுப் பெயர் ஒரேஸ்தே பெல்மந்தி. இல்லத்தில் எல்லோருக்கும் அவர் "மிஸ்டர் பெல்". வாயில் நுழையவில்லை என்று வெட்டிவிட்டார்கள். கதவிலும் அப்படித்தான் ஒட்டியிருந்தது.

அறுபது வருடத்துக்கு மேல் லண்டனில் வாழ்ந்தவர். ஆங்கிலம் நன்றாகப் பேசியவர்தான். மூளையில் இரத்தம் கட்டி ஒரு பக்கம் இழுத்தபோது ஆங்கிலம் முழுவதும் போய்விட்டது. பிறந்த மொழி மட்டும் மிஞ்சியது. மனைவி முன்பே இறந்துவிட்டாள். பிள்ளைகள் இல்லை. பார்க்க வருவார் யாரும் இல்லை.

மேலாளர் மிஸஸ் பிராடியிடம் போய்ச் சொன்னேன். அவர் உளறவில்லை, இத்தாலிய மொழி பேசுகிறார், எனக்குப் புரிகிறது என்றேன். அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஷிப்ட் அட்டவணையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"நல்லது, ரெஜினா. ஆனால் நாங்கள் இதுவரை சமாளித்துத்தானே வந்திருக்கிறோம்?"

சமாளித்த விதத்தைப் பெல்மந்தியின் கோப்பில் பார்த்தேன். 'லூசி என்ற பெண்ணைக் கேட்டுக் கத்துகிறார். முரட்டுத்தனம். குளிக்க மறுக்கிறார்.' அதன் கீழே காலைக்கும் மாலைக்கும் மயக்க மாத்திரை. மாத்திரை விழுங்கிய மனிதர் பகல் முழுவதும் வாயைத் திறந்தபடி சரிந்து கிடப்பார்.

அவர் முரடர்தான். அதை மறைக்கவில்லை. கஞ்சிக் கோப்பையைத் தட்டிவிடுவார். ஆனால் என்ன சொல்லித் தட்டிவிட்டார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். "உப்பில்லை" என்று சொல்லித் தட்டிவிட்டார். நான் ருசித்துப் பார்த்தேன். உப்பில்லை.

குதிரையிலிருந்து விழத் தெரிந்தவர்

மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் காலையில் ஒரு அரைமணி நேரம் கிடைக்கும். அந்த அரைமணியில்தான் அவர் கதை கொஞ்சம் கொஞ்சமாக எனக்கு வந்து சேர்ந்தது. அவர் பேசியது தூரின் பக்கத்துக் கொச்சை. அது என் காதில் எங்கள் ஊர்த் தமிழாகவே விழும். அப்படியே எழுதுகிறேன்.

"நான் ஆரெண்டு உனக்குத் தெரியுமோ?" என்றார் ஒருநாள், நான் அவருக்கு முகம் மழித்துக்கொண்டிருந்தபோது.

"சொல்லுங்கோ, சிஞோர்."

"நான் டைரக்டர். நடிகனும் நான்தான்."

நான் நம்பவில்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சவரக்கடையில் வேலை செய்தவராம். ஊமைப்படம் எடுக்கத் தொடங்கிய காலம். கண்ணாடிக் கூரை போட்ட பெரிய கொட்டகைக்குள்ளே, சூரிய வெளிச்சத்தில் படம் பிடிப்பார்களாம். முகில் வந்தால் வேலை நிற்கும். முகில் விலகியதும் "லூச்சே!" என்று ஒருவன் கத்த, எல்லோரும் ஓடிப்போய் அவரவர் இடத்தில் நிற்பார்களாம்.

"குதிரையிலையிருந்து விழத் தெரிஞ்சவன் ஆரெண்டு கேட்டாங்கள். நான் கை தூக்கினன். அதுக்கு முதல் குதிரையைத் தொட்டதுகூட இல்லை."

விழுந்தார். எலும்பு முறியவில்லை. மறுபடியும் விழச் சொன்னார்கள். மூன்று வருடம் விழுந்துகொண்டே இருந்தவர், முகத்தைக் காட்டும் வேடத்துக்கு வந்தார். பிறகு, நடித்துக்கொண்டே மற்றவர்களுக்கு எங்கே நிற்க வேண்டும் என்று கத்தத் தொடங்கினார். கத்தத் தெரிந்ததால் டைரக்டர் ஆக்கினார்களாம். எத்தனை படம் என்று கேட்டால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு எண் சொல்வார்.

முதல் உலகப் போருக்குப் பிறகு அந்தத் தொழில் அங்கே படுத்துவிட்டது. அமெரிக்கப் படங்கள் வந்து குவிந்தன. கம்பனிகள் பூட்டப்பட்டன. பழைய சுருள்களை உருக்கிச் சீப்புச் செய்தார்கள் என்றார். "என்ரை முகத்தாலை ஆரோ தலை இழுத்திருப்பினம்."

வேலை தேடி லண்டனுக்கு வந்தார். ஸ்டூடியோ வாசல்களில் நின்று பார்த்தார். கடைசியில் உணவகத்தில் தட்டுத் தூக்கினார். பின்னர் சொந்தமாக ஒரு சிறிய கோப்பிக்கடை. இரண்டாம் போர் வந்தபோது, இத்தாலியர் என்பதற்காகப் பொலிஸ் வந்து பிடித்துக்கொண்டுபோய் முகாமில் அடைத்தது. திரும்பி வந்தபோது கடைக் கண்ணாடியை யாரோ அடித்து நொறுக்கியிருந்தார்கள்.

"படம் எடுத்தனான் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?"

"சொன்னன். கோப்பி ஆறுது, கொண்டா எண்டாங்கள்."

டொக்டர் வாசுதேவன்

இல்லத்துக்கு வாரம் ஒருமுறை வரும் வைத்தியர் தமிழ்நாட்டுக்காரர். டொக்டர் வாசுதேவன். என்னோடு தமிழில் இரண்டு வார்த்தை பேசுவார். மாத்திரை எழுதியவர் அவர்தான். அறை வாசலில் அவரை மறித்தேன்.

"டொக்டர், இந்த மாத்திரை நீங்கள் எழுதினதோ?"

"ஆமா, நான்தான் எழுதினேன். என்னம்மா பண்றது? கத்துறாரு, அடிக்க வர்றாருன்னு ரிப்போர்ட் வருது."

"அவர் கத்தேல்லை. கதைக்கிறார். இஞ்சை ஒருத்தருக்கும் விளங்கேல்லை, அவ்வளவுதான்."

"நீங்க நர்ஸா?"

"இல்லை டொக்டர். கழுவித் துடைக்கிற ஆள்."

அவர் முகம் சுருங்கியது. "அப்போ எனக்கு வைத்தியம் சொல்லித் தர்றீங்களா?"

வேலை போனால் வீட்டு வாடகைக்குச் சேவியரின் சம்பளம் மட்டும்தான். ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"உங்களைக் கொண்டுபோய்த் தமிழ் தெரியாத ஆக்களுக்கு நடுவிலை கிடத்தி, நீங்கள் தண்ணி கேக்கக் கேக்க அவை மயக்க மருந்து தந்தால், அதை வைத்தியம் எண்டு சொல்லுவீங்களோ?"

அவர் உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "கேளுங்க. இது எந்த இடம்னு கேளுங்க."

நான் கேட்டேன். பெல்மந்தி சுற்றிலும் பார்த்துவிட்டு, "மோசமான ஹோட்டல்" என்றார்.

"இது என்ன வருஷம்னு கேளுங்க."

"இந்த அறையிலை ஒரு கலண்டர் எங்கையாவது தொங்குதோ எண்டு இவரைப் பாக்கச் சொல்லு. இருந்தால் நான் வாசிச்சுச் சொல்லுறன்."

டொக்டர் சுவர்களைப் பார்த்தார். கலண்டர் இல்லை. கடிகாரமும் இல்லை. அவர் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார். பேனாவை எடுத்து, மாத்திரையின் பெயரை வெட்டினார். "தப்பு என்னோடதுதாம்மா" என்றார். அந்த இல்லத்தில் நான் வேலை செய்த காலம் முழுவதும், தவறு தன்னுடையது என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

துண்டுப் பிரசுரத்தில் ஒரு சாவு

சில மாதங்களின் பின், நூலகத்தில் தற்செயலாக ஒரு துண்டுப் பிரசுரம் கண்டேன். லண்டனில் ஒரு திரையரங்கில் பழைய இத்தாலிய ஊமைப்பட வரிசை. அதில் ஒரு படத்தின் கீழே: 'இயக்கமும் நடிப்பும் ஒரேஸ்தே பெல்மந்தி. போர்க்கால முகாமில் இறந்தார்.'

இறந்தாராம்! அன்று காலைதான் அவர் என்னோடு, கோப்பி தண்ணீராக இருக்கிறது என்று சண்டை பிடித்திருந்தார்.

அதில் இருந்த இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். மூன்று நாள் எடுத்தேன். நான்காம் நாள் கிரஹாம் என்ற ஆராய்ச்சியாளர் பேசினார். அந்தப் பட வரிசையை ஒழுங்கு செய்தவர். நீங்கள் அவருக்கு யார் என்று கேட்டார். பராமரிப்பு உதவியாளர் என்றேன். அந்தப் பக்கம் ஒரு மெல்லிய மூச்சு. அந்த மூச்சு எனக்குப் பழக்கமானது. லண்டனில் பல கவுண்டர்களில் கேட்டிருக்கிறேன்.

ஆனாலும் வந்தார். வெல்வெட் கோட்டும் நல்ல சிரிப்பும். பெல்மந்தியின் கையைக் குலுக்கினார். இரண்டு கேள்வி கேட்டார். நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள்ளேயே அவருடைய கண் அலுமாரிக்கு மேலிருந்த பிஸ்கட் தகரப் பெட்டிக்குப் போய்விட்டது. அதற்குள் பெல்மந்தியின் பழைய படங்களும், கம்பனியோடு செய்த ஒப்பந்தத் தாளும் இருந்தன.

"பாவம், மனிதருக்கு நினைவு தப்பிவிட்டது. ஆனால் இந்தக் காகிதங்கள் அபூர்வமானவை" என்று மிஸஸ் பிராடியிடம் சொன்னார். ஒரு வாரம் பார்த்துவிட்டுத் தருவதாகக் கேட்டார். மிஸஸ் பிராடி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பெட்டியின் சொந்தக்காரர் பக்கத்திலேயே கட்டிலடியில் உட்கார்ந்திருந்தார். அவரை ஒருத்தரும் கேட்கவில்லை. என்னை அதற்குள், பக்கத்து அறையில் மணி அடிக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள்.

வாரங்கள் போயின. நான் தொலைபேசி எடுத்தால் கிரஹாம் வெளியே போயிருப்பார், கூட்டத்தில் இருப்பார், இத்தாலியில் இருப்பார்.

"பெட்டி எங்கை?" என்று பெல்மந்தி தினமும் கேட்டார். நான் தினமும் பொய் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமைக் காட்சி

அந்தப் படம் ஒரு ஞாயிறு மத்தியானம் காட்டப்பட இருந்தது. அவரைக் கூட்டிப்போகக் கேட்டேன். மிஸஸ் பிராடி மறுத்தார். ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு என்றார். டொக்டர் வாசுதேவன், தானே பொறுப்பு என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். சேவியர் தன் சிநேகிதனின் வான் வண்டி ஒன்றை இரவலாகக் கொண்டுவந்தார்.

"ஏனப்பா உமக்கு இந்தத் தேவையில்லாத வேலை?" என்று என்னைக் கேட்டார், சக்கர நாற்காலியை ஏற்றியபடி. ஆனால் அதைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியவர் அவர்தான். பெல்மந்தி கழுத்துப்பட்டி கேட்டார். சேவியர் தன்னுடையதைக் கழற்றிக் கட்டிவிட்டார்.

திரையரங்கில் பாதிக்கு மேல் ஆட்கள். ஓரமாக நாற்காலியை நிறுத்தினோம். கிரஹாம் மேடையேறினார். எங்களை அவர் காணவில்லை. அழகாகப் பேசினார். மறக்கப்பட்ட மேதை என்றார். கண்ணாடிக் கொட்டகைகளைப் பற்றிச் சொன்னார். கடைசியில், குரலைத் தாழ்த்தி, "முகாமில் அவருடைய வாழ்க்கை முடிந்ததாகக் கருதப்படுகிறது" என்றார்.

இந்த மனிதன் இரண்டு மாதத்துக்கு முன்னால் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கியவன்.

நான் எழும்பினேன். எனக்கு ஆங்கிலம் அப்போது நொண்டும். நொண்டினால் நொண்டட்டும் என்று கத்தினேன். "அவர் சாகவில்லை! இங்கே இருக்கிறார். நீ அவருடைய பெட்டியைக் கொண்டுபோனாய்!"

தலைகள் திரும்பின. சேவியர் என் கோட்டைப் பிடித்து இழுத்தார். கிரஹாமின் முகம் வெளுத்தது. "பிறகு பேசுவோம், மேடம்" என்று சொல்லிவிட்டுக் கையை அசைத்தார். விளக்கு அணைந்தது.

திரையில் ஆட்கள் எறும்பு கலைந்ததுபோல ஓடினார்கள். சிலர் சிரித்தார்கள். பக்கத்தில் பெல்மந்தி நெளிந்தார். பிறகு அந்த அரங்கு அதிரக் கத்தினார். "பியானோ! பியானோ! ஆர் உதைச் சுத்திறது? கெதியாப் போகுது! மெதுவாச் சுத்து!" பியானோ என்றால் அவர் மொழியில் மெதுவாக என்று அர்த்தம்.

"உஸ்ஸ்" என்றார்கள் முன்வரிசையில். வாசற்காவலர் டோர்ச் லைட்டோடு வந்து, வெளியே போகச் சொன்னார். நான் மறுபடியும் எழும்பினேன். "அவர் இந்தப் படத்தை எடுத்தவர். வேகமாக ஓடுகிறது என்கிறார்!"

கிரஹாம் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் பின்னால், மேலே, படம் ஓட்டும் அறையின் சிறு ஜன்னல் திறந்தது. ஒரு ஆள் எட்டிப் பார்த்தான். ஜன்னல் மூடியது. கொஞ்ச நேரத்தில் திரையில் ஓடியவர்கள் நடந்தார்கள். ஒரு பெண் திரும்பிப் பார்க்கும்போது அவள் கண்ணில் என்ன இருக்கிறது என்று தெரிந்தது. சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். ஊமைப்படத்துக்குத் துணையாகத் திரையடியில் பியானோ வாசித்தவரும் கையைத் தளர்த்தினார்.

குதிரையில் ஒரு இளைஞன் வந்தான். இந்திய அரசனாம். முகமெல்லாம் கரி, தலையில் மேசைவிரிப்பு மாதிரி ஒரு பாகை.

"ஆர் இந்த விசரன்?" என்றார் பெல்மந்தி. "கையைக் காத்தாடி மாதிரிச் சுத்திறான்."

"அது நீங்கள்தான், சிஞோர்."

அவர் முன்னுக்குச் சரிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "குதிரை நல்லாச் செய்யுது" என்றார்.

கோபம் உன்ரை

இரண்டு நாளில் கிரஹாம் இல்லத்துக்கு ஓடி வந்தார். அன்று அரங்கில் இருந்த பத்திரிகையாளர் ஒருவர் எழுதப்போகிறாராம். பிஸ்கட் பெட்டியும் வந்தது. கையில் ஒலிப்பதிவு இயந்திரம். ஆதாரம் இல்லாமல் எதையும் அறிவிக்க முடியாதல்லவா, அதனால்தான் அன்று அப்படிச் சொன்னேன் என்றார். இப்போது அவருக்குப் பேட்டி வேண்டும். மொழிபெயர்க்க நான் வேண்டும்.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒப்பந்தத் தாள் இல்லை. நாலைந்து படங்களும் இல்லை. பிரதி எடுக்கப்படுகின்றன என்றார்.

"எல்லாம் வந்த பிறகு பேசலாம்" என்றேன்.

இரண்டு வாரம் நான் அசையவில்லை. மிஸஸ் பிராடி கூப்பிட்டு எச்சரித்தார். இல்லத்தின் பெயர் பத்திரிகையில் வரும் வாய்ப்பை நான் கெடுக்கிறேனாம். சேவியர், "சும்மா விடுமப்பா" என்றார். விடமாட்டேன் என்றேன். என் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு கோட்டுப் போட்ட வெள்ளைக்காரன் என்னிடம் எதையோ எதிர்பார்த்து நின்றான். அந்தச் சுகத்தையும் நான் மறைக்கக் கூடாது.

பெல்மந்திக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஒருநாள் சாப்பாட்டுக் கரண்டியைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவன் என்னோடை கதைக்க வந்தவனோ?"

"ஓம். பெட்டியை முழுசாத் தரட்டும். பிறகு கதைக்கலாம்."

"எனக்கு என்ன வயசெண்டு தெரியுமோ உனக்கு? நீ கோவிச்சுக்கொண்டிருக்க நான் செத்துப்போவன். அறுபது வருஷமா ஒருத்தரும் கேக்கேல்லை. இப்ப ஒருத்தன் கேக்கிறான். அவன் கள்ளனெண்டால் எனக்கென்ன? கோபம் உன்ரை. நீ வச்சிரு. கதை என்ரை. அதை விடு."

துணி அடுக்கும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கவலையால் அல்ல. அவர் சொன்னது சரி என்ற ஆத்திரத்தால்.

நாலு மத்தியானம் பேட்டி நடந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. நாலாம் நாள், கிரஹாம் கேட்காத ஒன்றை அவர் சொன்னார்.

நாங்கள் திரையரங்கில் பார்த்த அதே படம். அதில் அரசன் பாலத்திலிருந்து குதிரையோடு ஆற்றில் விழும் இடம். விழுந்தது அவர் இல்லை.

"அண்டைக்கு எனக்குப் பயம் வந்திட்டுது. அப்ப நான் டைரக்டர்தானே, இன்னொருத்தனை விழச் சொன்னன். ஜாகொமோ ரவேரி. குதிரைக்காரன். விழுந்தான். முதுகு முறிஞ்சுது. பிறகு அவன் நடக்கேல்லை. படத்திலை விழுகிறது அவன். பேர் என்ரை. அவன்ரை பேரை எழுதச் சொல்லு. கட்டாயம் எழுதச் சொல்லு."

நான் சொன்னேன். கிரஹாம் தலையசைத்தார். இயந்திரத்தை நிறுத்தினார். "மிகவும் உருக்கமான விஷயம்" என்றார்.

ஜாகொமோ ரவேரியின் முதுகு முறிந்ததற்கு, எதிரே இருந்த கிழவரிடமும் எனக்குக் கோபம் வந்தது. அன்று அவருக்குச் சூப் ஊட்டும்போது நான் பேசவில்லை. அவரும் கேட்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் நிமோனியா வந்து இறந்துபோனார். அடக்கத்துக்கு நாலு பேர்: நான், சேவியர், டொக்டர் வாசுதேவன், மிஸஸ் பிராடி. கிரஹாம் மலர் அனுப்பியிருந்தார். ஒப்பந்தத் தாள் ஒருநாளும் வரவில்லை.

ஹவுன்ஸ்லோ நூலகத்தில்

தொண்ணூறுகளில், பெல்மந்தியைப் பற்றிக் கிரஹாம் எழுதிய புத்தகம் வெளிவந்தது. தடித்த புத்தகம், பளபளப்பான படங்கள். நூலகத்தில் எடுத்து ஒரு மேசையில் வைத்துப் புரட்டினேன். பேட்டிப் பகுதி முழுவதும் என்னுடைய ஆங்கிலம். என் நொண்டலைத் திருத்தியிருந்தார்கள். மற்றபடி நான் சொன்ன சொற்கள். மிஸஸ் பிராடிக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். இன்னொரு வரியில், 'ஒரு இந்திய நர்ஸின் உதவியுடன்' என்று இருந்தது.

நான் இந்தியாக்காரி இல்லை. நர்ஸும் இல்லை. எனக்குப் பெயர் இருந்தது. அதைக் கிரஹாமுக்கு நான் எழுத்துக்கூட்டிச் சொல்லியிருந்தேன்.

அதுகூடப் பரவாயில்லை. பாலத்துக் காட்சியைத் தேடினேன். முழுப் பக்கப் படம் போட்டிருந்தார்கள். அதன் கீழே: 'தன் உயிரைப் பணயம் வைத்து பெல்மந்தி தானே பாய்ந்த புகழ்பெற்ற காட்சி.'

ரவேரியின் பெயர் எங்கேயாவது இருக்கிறதா என்று முன்னும் பின்னும் புரட்டினேன். கடைசிப் பக்கங்களில் இருந்த பெயர்ப் பட்டியலில் பார்த்தேன். குறிப்புகளில் பார்த்தேன். இல்லை. பதிப்பகத்துக்கு இரண்டு கடிதம் போட்டேன். முதலாவதற்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு, எங்கள் நூலில் காட்டிய ஆர்வத்துக்கு நன்றி என்று ஒரு அட்டை வந்தது.

அட்டை வந்த அன்றே மறுபடியும் நூலகத்துக்குப் போனேன். சேவியர் வேலை முடிந்து நேரே வந்திருந்தார், விமான நிலையச் சீருடையோடு. பாலத்துப் பக்கத்தைத் திறந்து, அங்கே மேசையில் கிடந்த பென்சிலை எடுத்து, படத்தின் கீழே ஆங்கிலத்தில் எழுதினேன்: 'விழுந்தவர் ஜாகொமோ ரவேரி. முதுகு முறிந்தது. இதைச் சொன்னவர் பெல்மந்தி. மொழிபெயர்த்தவர் ரெஜினா சேவியர், இளவாலை.'

சேவியர் பத்திரிகை வாசிப்பவர்போல என்னை மறைத்து நின்றார். "என்னப்பா செய்யிறீர்? லைப்ரரிப் புத்தகம். பிடிச்சால் வெக்கக்கேடு."

"பிடிக்கட்டும். அவரிட்டைச் சத்தியம் பண்ணேல்லை, ஆனால் அவர் கேட்டது என்னட்டை."

அவர் சுற்றிலும் பார்த்தார். நூலகர் முதுகைக் காட்டிக்கொண்டு புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"காட்டும் பாப்பம்" என்றார்.

குனிந்து வாசித்தார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. பிறகு என்னை முறைத்தார்.

"உதைப் போய்ப் பென்சிலாலையோ எழுதினீர்? நாளைக்கே அழிச்சுப்போடுவாங்கள்."

சீருடைச் சட்டைப்பையிலிருந்து, சாமான்களுக்குச் சீட்டு எழுதும் கறுப்புப் பேனாவை எடுத்தார். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் எழுத்தின் மேலேயே, அழுத்தி எழுதத் தொடங்கினார்.